சீந்தில் விட்ட நூல்

என் மனைவி ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். தைத்து வரும் ஷூவில் நூல் பிசிறு தொங்கினால் இழுத்துப் பிடித்து வெட்டுவது அவள் வேலை. ஷிப்ட் முடிந்தாலும் அவள் கைக்கு மட்டும் ஷிப்ட் முடிவதில்லை. என் சட்டை, தலையணை உறை, வந்த விருந்தாளியின் முந்தானை, எதில் நூல் தொங்கினாலும் விடமாட்டாள். வீட்டுக்கென்றே ஒரு குட்டிக் கத்தரி வாங்கி வைத்திருக்கிறாள்.

பக்கத்து வீட்டு பாய் காலமான பிறகு அவர் மனைவி தனியாக இருக்கிறார். எங்களுக்கு அக்கா. பாய் நட்ட சீந்தில் கொடி அவர்கள் வேலியோரம் கிளம்பி, எங்கள் வேப்பமரத்தில் ஏறிப் படர்ந்திருந்தது. மகளின் பிரசவத்துக்குப் பெங்களூர் கிளம்பும்போது சாவியைக் கொடுத்த அக்கா, வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"கொடிய மட்டும் பாத்துக்கோங்க. அவர் கையால வெச்சது. அதுவும் போய்ட்டா நான் தாங்கமாட்டேன்" என்றார்.

வேலி இருந்த இடத்தில் சுவர் எழுப்ப அக்காவும் முன்பே சம்மதித்திருந்தார். அவர் போனதும் வேலையைத் தொடங்கினோம். நான் டீ வாங்கப் போன நேரத்தில் மேஸ்திரி கொடியை அடியில் வெட்டி, வேரையும் தோண்டி எறிந்துவிட்டார். "கொடிதானே சார்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் வாங்கிய டீயை அவருக்குக் கொடுக்காமல் நானே குடித்தேன். ஒரு துண்டை எடுத்து ஓரமாக நட்டேன். மறுநாளே அதன்மேல் ஜல்லியைக் கொட்டிவிட்டார்கள்.

மரத்தின் மேல் கொடி மட்டும் அந்தரத்தில் கிடந்தது. தினமும் அண்ணாந்து பார்ப்பேன். இலை வாடக் காணோம். பார்த்தால், தண்டிலிருந்து மெல்லிய பச்சை நூல்கள் கீழே இறங்கத் தொடங்கியிருந்தன. ஆலமரம் விழுது விடுவதுபோல இதுவும் வேர் விடுகிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் ஆள் உயரத்துக்கு வந்ததும் நூல் குட்டையாகிவிடும். அணில் மேல் சந்தேகப்பட்டேன். அதற்குள் இலைகளும் பழுக்க ஆரம்பித்தன. அடுத்த வாரக் கடைசியில் வருவதாக அக்காவின் போனும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்க்கிறேன், மரத்தடியில் மனைவி. கையில் கத்தரி.

"இன்னா பண்ற?"

"நூல் தொங்குதுங்க. பாக்கவே பேஜாரா இருக்கு."

"அடிப்பாவி, அது வேரு! மண்ணுக்கு வர்ற வேரு!"

அவள் கத்தரியைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, ஒன்றாவது தப்பியிருக்காதா என்று மரத்தைச் சுற்றித் தேட ஆரம்பித்தாள். மாடித் தண்ணீர் இறங்கும் குழாய்க்குப் பின்னால் போய் நின்றாள்.

"ஏங்க, இங்க வாங்க. இது இழுத்தா வரல."

குழாய்க்குப் பின்னால் ஒளிந்து இறங்கிய ஒரே ஒரு நூல் எங்கள் பக்கத்து மண்ணில் இறங்கிப் பிடித்திருந்தது. அப்பாடா என்று அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அன்றே அவள் கத்தரியை பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

அக்கா வந்தார். வேர் இருந்த இடத்தில் சுவர் நிற்பதைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. மனைவி அவர் கையைப் பிடித்துக் குழாய்ப் பக்கம் கூட்டிப்போய், மேஸ்திரி முதல் கத்தரி வரை ஒன்று விடாமல் சொன்னாள். அக்கா அந்த நூலை விரலால் தொட்டார். மேலே புதிதாக விட்டிருந்த தளிரைப் பார்த்தார்.

"அவரும் இப்டித்தான்" என்றார் அக்கா. "என்கிட்ட கோச்சிக்கிட்டா உங்க வீட்லதான் வந்து உக்காருவாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.