பாய் தைக்கிறவள் படகு விற்ற கதை

என் மருமகளுக்கு வேலை செய்கிற இடத்தில் வைத்த பேர் பூட்டு. காலையில் கேட்டைப் பூட்டுவாள், இழுத்துப் பார்ப்பாள். நாலு வீடு தள்ளிப் போனவள் திரும்பி வந்து மறுபடி இழுப்பாள். ஒரு தரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு இறங்கி ஓடி வந்தாள், அடுப்பை அணைத்தோமா என்று. நான் வீட்டுக்குள்ளேதான் இருந்தேன். "எரிஞ்சா எனக்குத் தெரியாதாடி?" என்றேன். "நீங்க உள்ள இருக்கீங்களேன்னுதான் அத்தை ஓடி வந்தேன்" என்றாள்.

படகுகளுக்குப் பாய் தைக்கிற கூடத்தில் அவளுக்கு வேலை. நான் ஒரு தரம் போய்ப் பார்த்திருக்கிறேன். கூடம் முழுக்க வழுவழு மரத்தரை. தையல் மிஷினைத் தரையில் பள்ளம் வெட்டி இறக்கி வைத்திருப்பார்கள், அவ்வளவு பெரிய துணியும் தரையோடு தரையாக வழுக்கி ஓட வேண்டுமே, அதற்காக. பெண்கள் பள்ளத்துக்குள் காலை விட்டு உட்கார்ந்து தைப்பார்கள். மூலைகளை மட்டும் கையால் தைக்க வேண்டும், உள்ளங்கையில் தோல்பட்டை மாட்டிக்கொண்டு. மற்றவர்கள் கடைசியில் ஒரு முடிச்சுப் போட்டால் இவள் மூன்று போடுவாள். "நூலு என்ன உங்க அப்பா வீட்டுலேருந்தா வருது?" என்று முதலாளி கேட்டதற்கு, "நடுக்கடல்ல பிஞ்சா நீங்களா போய்ப் பிடிச்சுக்குவீங்க?" என்று கேட்டாளாம். பயந்தவள்தான். ஆனால் வாய் மட்டும் பயப்படாது.

என் மகன் பாய்மரப் படகு வைத்திருந்தான். இருபத்தாறு அடி. வெள்ளை உடம்பு, நீலக் கோடு. சுற்றிப் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு பன்னிரண்டு வருஷம் ஓட்டினான். ஒருநாள் கயிறு சுற்றுகிற உருளையில் வலது கை மாட்டி இரண்டு விரல் போய்விட்டது. கயிற்றை இறுக்கிப் பிடிக்க முடியாதவன் பாயை எப்படி இறக்குவான்? படகைக் கரையேற்றி, பட்டறையில் மரத் தாங்கல் மேல் நிறுத்திவிட்டான். அந்தப் படகைத் தவிர அவர்களிடம் வேறு சொத்து இல்லை. அதை விற்று, பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு அறை, இரண்டு மிஷின் வாங்குவது என்று கணக்கு. அவள் தைப்பாள், அவன் துணி வெட்டுவான். மூன்று விரலால் கத்தரி பிடித்துப் பழகிக்கொண்டிருந்தான். படகு போய்ப் பணம் வரவில்லை என்றால் அவள் ஆயுசு முழுக்க அந்தப் பள்ளத்துக்குள்தான்.

போனில் விளம்பரம் போட்ட மூன்றாம் நாள் ஒருத்தன் கூப்பிட்டான். வெளிநாட்டில் கப்பல் இன்ஜினீயர் என்றான். நம் பேச்சே பேசினான். சொன்ன விலைக்குச் சரி என்றான், ஒரு பைசா குறைக்கச் சொல்லவில்லை. மகனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"பேரம் பேசலையே" என்றாள் மருமகள்.

"அது நல்லதுதானே?" என்றான் மகன்.

"படகு வாங்குறவன் அடியில படுத்து சுத்தியால தட்டித் தட்டிக் கேப்பான். எங்க நொய்ஞ்சிருக்குன்னு தேடுவான். இவன் ஒரு குறையும் சொல்லலையே. கத்திரிக்கா வாங்குறவனே காம்பைத் திருப்பிப் பாப்பான்."

"உனக்கு வாங்க வந்தாலும் பயம், வாங்க வரலேன்னாலும் பயம்."

அவர்கள் பட்டறையில் ஒரு நடைமுறை உண்டு. பேசி முடித்த படகின் பாய்மரத்தில் சிவப்புத் துணி கட்டிவிடுவார்கள். துணி கட்டிய படகை அதற்கப்புறம் யாரும் விலை கேட்க மாட்டார்கள், கேட்டால் மரியாதை இல்லை. நேரில் வந்து, படகைத் தொட்டு, கை குலுக்கினவனுக்குக் கட்டுகிற துணி அது. கடல் தாண்டி இருக்கிறவன் குரலுக்கு யாரும் கட்டினதில்லை. "பணம் வரட்டும், அப்புறம் கட்டலாம்" என்று மருமகள் சொன்னாள். "பேசினா பேசினதுதான், கட்டுடா" என்று சொன்னது நான். மறைக்க மாட்டேன், நான்தான். அடுத்த வாரமே படகு கேட்டு ஐஸ் தொழிற்சாலைக்காரர் கையில் சுத்தியலோடு வந்து, துணியைப் பார்த்துவிட்டு திரும்பிப் போய் வேறு படகு வாங்கிவிட்டார்.

நான் ஏன் சொன்னேன்? அந்த இன்ஜினீயர் என்னை அம்மா என்று கூப்பிட்டான். மகன் குளிக்கப் போயிருந்தால் நான்தான் போனை எடுப்பேன். "சாப்டீங்களாம்மா? முட்டி வலி எப்படி இருக்கு?" என்பான். பெற்ற பிள்ளை கேட்காத கேள்வி. எனக்கு எழுத்துத் தெரியாது, ஆள் தெரியும் என்று இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். அவன் கேட்கக் கேட்க எல்லாம் சொன்னேன். வீடு எங்கே, கேட் என்ன நிறம், மகனுக்கு எந்த விரல் போனது, மருமகள் எத்தனை மணிக்குக் கிளம்புவாள், பகலில் வீட்டில் யார். பிள்ளை விசாரிக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு தபாலில் செக் வந்தது. பேசின விலையைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். மகன் போன் போட்டுக் கேட்டான். "அது படகை ஏத்திட்டுப் போற லாரிக்காரர் கூலிண்ணா. உங்க பணத்தை எடுத்துக்கிட்டு மிச்சத்தை அவர் கணக்குக்குப் போட்டுடுங்க. வியாழக்கிழமை லாரி வந்துடும். புதனுக்குள்ள போடணும், இல்லேன்னா கப்பல்ல இடம் போயிடும்" என்றான். மகன் செக்கை பாங்கில் போட்டான். மறுநாளே போனில் பணம் ஏறிவிட்டதாகக் காட்டியது. எங்கள் வீட்டுக் கணக்கில் அவ்வளவு பெரிய எண்ணை யாரும் பார்த்ததில்லை. எனக்கு எண் படிக்க வராது, இருந்தாலும் நானும் எட்டிப் பார்த்தேன்.

அவள் மட்டும் பார்க்கவில்லை. "என்னங்க, லாரிக்காரருக்கு அவரே போட்டா என்ன? கடல் தாண்டி நம்ம கைக்கு வந்து, நம்ம கையிலேருந்து ஏன் போகணும்?" என்றாள். அன்றைக்கு அரைநாள் லீவு போட்டு என் மகனையும் இழுத்துக்கொண்டு பாங்குக்குப் போனாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் செக்கின் விவரத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாளாம். "கணக்குல காட்டுறதை வச்சு வந்துடுச்சுன்னு நினைக்காதீங்க. அந்த ஊர் பாங்க் உறுதி சொல்லணும், மூணு வாரம்கூட ஆகும். அதுக்குள்ள நீங்க எடுத்து அனுப்பி, பின்னாடி செக் திரும்பி வந்தா, அனுப்பினது உங்க சொந்தக் காசு. யார்கிட்டயும் கேக்க முடியாது."

வீட்டுக்கு வந்ததும் "உறுதி வந்ததும் போடுறோம்" என்று அந்த இன்ஜினீயருக்குச் செய்தி அனுப்பினார்கள்.

அதிலிருந்து போன் அடிக்க ஆரம்பித்தது. முதலில் கெஞ்சினான். பிறகு லாரிக்காரன் பிள்ளைகள் பட்டினி என்றான். பிறகு போலீஸ் என்றான். புதன்கிழமை காலை பதினோரு மணி இருக்கும், வீட்டில் நான் தனியாக. ஓயாமல் அடிக்கிறதே என்று மகன் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தான். எடுத்தேன். அம்மா என்றுதான் ஆரம்பித்தான், அதே குரல், அதே அன்பு.

"அம்மா, நீல கேட்டு, பக்கத்துல கைப்பம்பு. சரிதானே? மருமக எட்டு மணிக்குக் கிளம்பிடுவா. மகன் பட்டறைக்குப் போயிடுவாரு. சாயங்காலம் வரைக்கும் நீங்க மட்டும்தான். பாத்து இருங்கம்மா."

அவ்வளவுதான் சொன்னான். அதட்டவில்லை. நான் போனை வைக்க மறந்து கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். மகன் வெறுமனே சாத்திவிட்டுப் போன கேட் வரைக்கும் போய்த் தாழ்ப்பாளைப் போட வேண்டும். எட்டு அடி தூரம். போகவில்லை. அவன் சொன்னது ஒவ்வொன்றும் நான் சொன்னது. என் வாயிலிருந்து எடுத்து எனக்கே திருப்பிக் கொடுத்தான்.

சாயங்காலம் மருமகள் வந்ததும் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். முட்டி வலி விசாரித்ததைக்கூட. திட்டுவாள் என்று காத்திருந்தேன். நானாக இருந்தால் திட்டியிருப்பேன். அவள் என் கையிலிருந்து போனை வாங்கி அணைத்து, அரிசி டப்பாவுக்குள் வைத்தாள்.

"முட்டி வலியை நான் கேட்டிருக்கணும் அத்தை" என்றாள்.

"உனக்கு எங்கடி நேரம்?"

"எனக்கு நேரமில்லாததைத்தான் அவன் பாத்து வச்சுக்கிட்டான்."

வியாழக்கிழமை லாரி வரும் நாள். அவள் வேலைக்குப் போகவில்லை. என்னை வீட்டில் விட மனமில்லாமல் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஏணி வைத்துப் படகில் ஏற்றினாள், இந்த வயசில். படகின் பத்திரங்களைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருகியிருந்தாள். மகன் கீழே, கையில் ஒரு கட்டையோடு. பட்டறை வாசலில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் மூன்று பேரும் வாசலைப் பார்த்தோம். பெயின்ட் கொண்டுவந்த வண்டி, குப்பை வண்டி, பலகை ஏற்றிய லாரி ஒன்று. அந்தப் பலகை லாரி எங்கள் பக்கம் திரும்பினபோது அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். தோல்பட்டை மாட்டின கை போல அப்படி ஒரு பிடி. லாரி எங்களைத் தாண்டிப் போனது.

இருட்டும்வரை லாரி வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. வந்திருந்தால், படகைத் திருட வந்தான் என்று விளங்கியிருக்கும். அவனுக்குப் படகே வேண்டாம். தட்டிப் பார்க்காததற்குக் காரணம் அதுதான். அவன் தட்டிப் பார்த்தது எங்களை. நொய்ந்த இடம் எது என்று தேடி, என்னைக் கண்டுபிடித்துவிட்டான்.

பாங்கில் போட்ட பதினேழாம் நாள் செக் திரும்பி வந்தது. அப்படி ஒரு கணக்கே அந்த பாங்கில் இல்லையாம். போலீஸில் எழுதிக் கொடுத்தோம். கணக்கில் ஏறின எண் ஏறின மாதிரியே இறங்கியது. நாங்கள் ஒரு காசும் அனுப்பியிருக்கவில்லை, அதனால் போனதும் ஒன்றுமில்லை. மகன் போய் சிவப்புத் துணியை அவிழ்த்தான். பட்டறையில் யாரும் கேலி பேசவில்லை. பேசியிருந்தால்கூடத் தேவலை.

யாரும் வீட்டுக்கு வரவில்லை. ஆனால் ஒரு மாசம், கேட்டுக்கு வெளியே வண்டி ஒன்று நின்றால் நான் அடுப்பங்கரைக்குள் போய்விடுவேன். கேட்டுக்குப் பச்சை பெயின்ட் அடிக்கச் சொன்னேன். "நிறம் மாறினா வீடு மாறிடுமா அம்மா?" என்றான் மகன். அடி என்றேன். அடித்தான்.

அதற்கப்புறம் படகு கேட்டுக் கூப்பிட்டவளும் வெளிநாடுதான், பள்ளிக்கூட டீச்சர். மகன் வேண்டவே வேண்டாம் என்றான். அவள் முதல் நாளே விலையில் கால்வாசியைக் குறை என்றாள். அடிப்பாகத்தில் பழைய பூச்சு எத்தனை, படகு சாயாமல் இருக்க அடியில் பாரத்துக்கு வைத்த ஈயக் கட்டை ஆடுகிறதா, பாய் எத்தனை வருஷம் என்று நாற்பது கேள்வி. மகனுக்குக் கோபம் வந்தது. மருமகள் முகம் தெளிந்தது. "இவதாங்க வாங்குறவ" என்றாள்.

ஆனால் அந்த டீச்சர் என்ன கேட்டாள் தெரியுமா? அன்றைய பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு, படகுப் பக்கத்தில் நின்று, போனில் நேருக்கு நேர் முகம் காட்டச் சொன்னாள். பத்திரத்தில் இருக்கிற எண்ணைப் படகின் உடம்பில் தடவிக் காட்டச் சொன்னாள். என் மருமகள் பேப்பரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போனுக்குள் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, போனை வைத்த பிறகு சொன்னாள், "அத்தை, அவளுக்கு நம்மளைப் பாத்து பயம்."

அதற்கப்புறம் இரண்டு பயந்தவர்களுமாக ஒன்றரை மாசம் வியாபாரம் பண்ணினார்கள். டீச்சர் தன் செலவில் ஒரு சோதனைக்காரரை அனுப்பினாள். அவர் படகுக்கு அடியில் படுத்துத் தட்டினார், இரண்டு குறை கண்டுபிடித்தார், விலை குறைந்தது. லாரிக்கும் கப்பலுக்கும் அவளே நேராகப் பணம் கட்டினாள், எங்கள் கை வழியாக ஒன்றும் போகவில்லை. படகுப் பணம் பாங்கிலிருந்து பாங்குக்கு வந்தது. மருமகள் மேனேஜர் முன்னால் போய் உட்கார்ந்து, "இது திரும்பிப் போகாதா?" என்று மூன்று தரம் கேட்டாள். மூன்றாம் தரம் அவர் எழுந்து நின்று பதில் சொன்னாராம். அதற்குப் பிறகுதான் இடுப்பிலிருந்த பத்திரம் வெளியே வந்தது. அதற்குப் பிறகுதான் துணியும் கட்டினாள், மூன்று முடிச்சுப் போட்டு.

கிரேன் படகைத் தூக்கினபோது மகன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். பன்னிரண்டு வருஷம் ஆயிற்றே.

படகு போய்ச் சேர முப்பத்தெட்டு நாள். அதுவரை மருமகள் அந்தப் பணத்தைத் தொடவில்லை. "பாங்கே சொல்லியாச்சு, இன்னும் என்ன?" என்று மகன் கத்தினான். "அவ படகைத் தொட்டுப் பாத்துட்டுச் சொல்லட்டும். நாம பயந்த மாதிரி அவளும் அங்க முழிச்சுக்கிட்டு இருப்பா" என்றாள். முப்பத்தொன்பதாம் நாள் டீச்சர் கூப்பிட்டாள். எடுத்தவுடன் கேட்டது, இவள் தைத்த பாயின் மூலையில் ஏன் மூன்று முடிச்சு என்று. குறையோ என்று சந்தேகமாம்.

இப்போது அறை இருக்கிறது, மிஷினும் இரண்டு இருக்கிறது. மிஷினைத் தரைக்குள் இறக்கப் பள்ளமும் வெட்டியாயிற்று, அவள் வெட்டின பள்ளம். மகன் மூன்று விரலால் வெட்டுகிற துணி நேராகத்தான் போகிறது.

தெரிந்தவர் முகப்படம் போனில் வராத அழைப்பை நான் எடுப்பதில்லை. போன வாரம் ஒரு நாள் தவறி எடுத்துவிட்டேன். "அம்மா" என்றது ஒரு குரல். கேஸ் சிலிண்டர்காரனாகக்கூட இருக்கலாம். வைத்துவிட்டு, போனை அரிசி டப்பாவில் போட்டேன்.

காலையில் அவள் கிளம்பும்போது நானே கேட் வரைக்கும் போகிறேன். உள்பக்கத் தாழ்ப்பாளைப் போட்டு, "பூட்டியாச்சு, மூணு தரம் இழுத்துப் பாத்துட்டேன், நீ போ" என்று சொல்கிறேன். சரி அத்தை என்பாள். நாலு வீடு தள்ளிப் போய்த் திரும்பி வந்து வெளியிலிருந்து ஒரு தரம் இழுப்பாள். இழுக்கட்டும். அவள் இழுக்கிற சத்தம் கேட்கிற வரைக்கும் நானும் அங்கேயேதான் நிற்கிறேன்.