காயலான் கடைச் சி.ஆர்.ஓ.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை நானே சொல்லிவிட்டால் மற்றவர்களுக்கு வேலை மிச்சம். அதனால்தான், கட்டிய புருஷன் பதில் பேசாமல் போகத் தொடங்கியபோது எனக்கு அது அப்படி உறைத்தது. மகள் வெளியூர் விடுதிக்குப் போய் இரண்டு வருஷமாகிறது. செல்லூர் வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். அடுப்படியிலிருந்து நான் எதையாவது கேட்பேன். கூடத்தில் இருக்கும் அவர் டீவியையே பார்த்துக்கொண்டிருப்பார். மறுபடி கேட்க மாட்டேன். கேட்டால் என் மானம் என்னாவது? மனுஷனுக்கு நான் சலித்துப் போய்விட்டேன் என்று முடிவு கட்டிவிட்டேன். அந்த முடிவோடேயே குழம்பு வைத்தேன், துணி துவைத்தேன், வேலைக்கும் போய்வந்தேன்.

வேலை ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில். படித்தது எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. படித்தது மறந்துவிடக் கூடாதே என்று ஞாயிற்றுக்கிழமைகளில் மாடியறையில் சால்டரிங் அயனோடு உட்கார்ந்து பழைய ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் என்று எதையாவது நோண்டுவேன். பேசாத மனுஷனுக்கு எதிரே உட்கார்ந்திருப்பதற்கு அது எவ்வளவோ தேவலாம்.

அப்படி ஒரு நாள் இருவரும் சிம்மக்கல் போயிருந்தபோது, ஒரு காயலான் கடை வாசலில், மின்விசிறி இறக்கைகளுக்கு நடுவே அதைப் பார்த்தேன். சி.ஆர்.ஓ. பாலிடெக்னிக் லேபில் ஆறு பேருக்கு ஒன்று என்று முண்டியடித்துத் தொட்ட பெட்டி. கையகலத் திரை, பக்கத்தில் வரிசையாகத் திருகுகள். கம்பிக்குள் மின்சாரம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதைப் பச்சைக் கோடாக வரைந்து காட்டும். ஏதோ கல்லூரி கழித்துக்கட்டியது போல. எனக்குக் கை பரபரத்தது.

"அது டீவி இல்லக்கா, படமெல்லாம் வராது" என்றார் கடைக்காரர்.

"படம் வேணாம்ணே. கோடு வந்தாப் போதும்."

"கோடு பாக்கவா காசு குடுக்குறீக?" என்று சிரித்துக்கொண்டே தராசில் தூக்கி வைத்தார். பழைய இரும்பு விலைதான்.

என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். ஆட்டோவில் அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதை எப்படிச் சரி செய்யப்போகிறேன், சரியானால் என்னவெல்லாம் பார்க்கலாம் என்று வைகைப் பாலம் ஏறிய பிறகும் பேசிக்கொண்டே வந்தேன். அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாலத்தின் நடுவில் வாயை மூடிக்கொண்டேன்.

திறந்து பார்த்தால் உள்ளே ஒரு மூட்டைத் தூசி, பல்லி முட்டை ஓடுகள். இந்தப் பெட்டியின் படக்குழாய் பொல்லாதது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கரண்டைத் தேக்கி வைத்திருக்கும். அதை வடித்துவிட்டுத்தான் கை வைத்தேன். ஃப்யூஸ் போயிருந்தது. இரண்டு கெப்பாசிட்டர்கள் தலை உப்பிக் கிடந்தன. டவுனில் அதே அளவில் வாங்கி வந்து மாற்றினேன். அடுத்த ஞாயிறு திரையில் ஒரு புள்ளி மட்டும் வந்தது. நகர மாட்டேன் என்று அடம்பிடித்தது. திருகுகளைக் கழற்றி, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒவ்வொன்றின் உள்ளும் துடைத்தேன். மூன்றாவது ஞாயிறு அந்தப் புள்ளி அப்படியே இழுபட்டுக் கோடாகி நின்றது.

எத்தனை வருஷம் கழித்து என் கையால் ஒன்று உயிர் பெற்றிருக்கிறது. "ஏங்க, மேல வாங்களேன்!" என்று கத்தினேன். கீழே ஆள் இருக்கிறார், டீவி ஓடுகிறது. இரண்டு முறை கூப்பிட்டேன். வரவில்லை. பெட்டியை அணைத்துவிட்டு அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்து அழுதேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பிறகு ஆயுத பூஜை வந்தது. அவர் விசைத்தறி ஓட்டுகிறவர். இருபது வருஷத்துக்கு மேலாக அதே வேலை. தறிகளுக்குப் பொட்டு வைத்து முடித்து, வீட்டுக்கு வந்து குளித்து, சந்தனக் கிண்ணத்தோடு நேரே மாடி ஏறினார். நான் பொரிகடலைத் தட்டோடு பின்னால் போனேன். நான் வாசற்படியை மிதிக்கும்போது அவர் விரல் நிறையச் சந்தனத்தோடு சி.ஆர்.ஓ. முன்னால் குனிந்திருந்தார். வயர் சொருகும் ஓட்டை இருக்கிறதே, நடுவில், வட்டமாக, நெற்றிப் பொட்டுக்கென்றே செய்தது போல, அங்கே விரல் போனது.

"அதுல வைக்காதீங்க!" என்றேன். திரும்பவில்லை. "ஏங்க, அதுல வைக்காதீங்கன்னா!" தெருவுக்கே கேட்டிருக்கும். எனக்கும் அவருக்கும் நாலடி தூரம். அவர் நிதானமாக ஓட்டைக்குள் சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமமும் வைத்தார். பிறகு திரும்பி, என்னைப் பார்த்துத் திடுக்கிட்டு, சிரித்தார்.

"வந்துட்டியா? வீட்டுல முத பொட்டு உன் மெஷினுக்குத்தான்."

எனக்கு வந்த கோபம் பாதியில் நின்றுவிட்டது. சலித்துப்போன மனுஷன் எதற்கு என் பெட்டிக்கு முதல் பொட்டு வைக்கிறார்? நாலடியில் நின்று அவ்வளவு கத்திய என்னைத் திரும்பிப் பார்த்ததும் எதற்குத் திடுக்கிடுகிறார்? பூஜையன்று கருவிகளைத் தொடக் கூடாது என்பதால் அன்று முழுக்க இதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

மறுநாள் காலை பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் சந்தனத்தைச் சுரண்டி எடுத்தேன். பெட்டியைப் போட்டு, கோடு வந்ததும் கீழே போய், கையைப் பிடித்து அவரை மாடிக்கு அழைத்து வந்தேன். என் போனில் விதவிதமான சுருதியில் விசிலடிக்கும் ஆப் ஒன்று உண்டு. அதிலிருந்து ஒரு சின்ன ஸ்பீக்கருக்கு வயர் கொடுத்து, அதே வயரைச் சி.ஆர்.ஓ.விலும் சொருகினேன்.

"சத்தம் நின்னதும் கையத் தூக்குங்க" என்றேன், முகத்துக்கு நேரே.

அடிச்சுருதியில் தொடங்கினேன். திரையில் பெரிய பெரிய அலைகள். மெல்ல மெல்ல ஏற்றினேன். அலைகள் நெருங்கி நெருங்கி வந்தன. ஸ்பீக்கர் கீச்சென்று என் காதைக் குத்தத் தொடங்கியபோது அவர் கையைத் தூக்கினார்.

"நின்னுருச்சு."

கோடு ஆடிக்கொண்டுதான் இருந்தது. அவரும் பார்த்தார்.

"மெஷினு இன்னும் சரியாகல. நான் வச்ச சந்தனம் உள்ள ஒட்டியிருக்கும்" என்றார்.

"மெஷினு நல்லாத்தாங்க இருக்கு. சத்தம் வந்துக்கிட்டிருக்கு."

ஸ்பீக்கரை எடுத்து ஒரு காதில் வைத்தார். பிறகு மறு காதில். கோட்டையே வெகுநேரம் பார்த்தார். "உனக்குக் கேக்குதா?"

"காதக் கிழிக்குது."

வருஷக்கணக்கில் கேட்கும் தறிச் சத்தம், காதில் கீச்சுக் குரல்களைத்தான் முதலில் தின்னும் என்று படித்திருக்கிறேன். படித்து என்ன செய்ய? அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப, நீ என்னயக் கூப்புட்டுக்கிட்டுத்தான் இருந்தியா?"

"தெனமும்."

"நீதான் எங்கூடப் பேச மாட்டேங்குறன்னு நெனச்சேன். புள்ள போனதுலருந்து வீட்டுல ஒரு சத்தமும் இல்ல. என்ன தப்புப் பண்ணுனேன்னு கேக்கலாம்னு பாத்தேன். நீ ஏதாச்சும் சொல்லிருவியோன்னு பயமா இருந்துச்சு."

நான் விசிலை நிறுத்தினேன். ஸ்டூலை அவருக்கு எதிரே இழுத்துப் போட்டு, என் வாயை அவர் பார்க்கும்படி உட்கார்ந்து, இரண்டு வருஷத்துப் பேச்சை எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.