சபை இதழின் நான்காம் பக்கம்

மருத்துவமனையின் ஆவண அறைக்கு ஆறு முறை நடந்தேன். என் மனைவியின் கேஸ் ஷீட் நகல் வேண்டுமென்று எழுதிக் கொடுத்திருந்தேன். முதல் முறை கையெழுத்துப் போடுகிறவர் விடுப்பில் இருந்தார். அடுத்த முறை, நோயாளியே நேரில் வரவேண்டும் என்றார்கள். செம்பாக்கத்திலிருந்து அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனால், இவர்களை எதற்கு இழுத்துக்கொண்டு வந்தீர்கள், கடிதம் போதுமே என்றார்கள். பிறகு ஜெராக்ஸ் மெஷின் பழுது. ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஊழியர் என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "சார், நீங்க பேசாம இங்கயே வேலைக்குச் சேந்துடுங்க. உங்களப் பாத்தாதான் எனக்கு இன்னா கிழமைன்னே தெரியுது."

ஆறாம் முறை தாள்கள் கிடைத்தன. நான் தேடிய வரி அவற்றில் இல்லை.

அவளுக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. மறுநாள் காலை, தொடையிலிருந்து கணுக்கால்வரை இறுக்கிச் சுற்றியிருந்த கட்டைக் காட்டி, "பாதம் என்னுது மாதிரியே இல்லீங்க. மரத்துப்போய்க் கிடக்கு," என்றாள். நர்ஸிடமும் சொன்னாள். மயக்க மருந்தின் மிச்சம், சரியாகிவிடும் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார். நானும் தலையாட்டினேன். மூன்று நாளும் அதையே சொன்னாள். நான்காம் நாள் கட்டைப் பிரித்தபோது அவளால் பாதத்தை மேலே தூக்க முடியவில்லை. நரம்பு நசுங்கியிருக்கிறது, முதல் நாளே கட்டைத் தளர்த்தியிருந்தால் தப்பியிருக்கும் என்று வேறொரு மருத்துவர் பின்னால் சொன்னார். எழுதிக் கொடுங்கள் என்றேன். அவர் உடனே அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

இன்று அவள் வலது பாதத்தை இழுத்து இழுத்து நடக்கிறாள். கேஸ் ஷீட்டில் அந்த மூன்று நாளுக்கும் ஒரே குறிப்புதான்: நோயாளி குறை எதுவும் சொல்லவில்லை.

மேற்குத் தாம்பரத்தில் மாடியில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு பெண் வழக்கறிஞரிடம் போனேன். அவர் தாள்களைப் புரட்டிவிட்டு, கூடவே இருந்தவர் நீங்கள்தான், மனைவி சொன்னதைக் காதால் கேட்டேன் என்று நீங்கள் தரும் பிரமாணப் பத்திரம்தான் நமக்கு முதுகெலும்பு என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டோம். வாய்தாமேல் வாய்தாவாகப் போய், ஒருவழியாக மருத்துவமனையின் பதில் வந்தது. அதோடு எங்கள் சர்ச்சின் சபை இதழில் நான்காம் பக்கத்தையும் இணைத்திருந்தார்கள்.

எங்கள் சபையில் நோயிலிருந்து எழுந்தவர்கள் நன்றி சொல்லிச் சாட்சி கொடுப்பது வழக்கம். இதழில் அதற்கென்றே ஒரு பக்கம் உண்டு. இதழின் ஆசிரியர் நான். ஓய்வுபெற்ற தலைமையாசிரியனான என்னைவிட்டால் பிழை திருத்த வேறு ஆள் யார்? அறுவை சிகிச்சை செய்த மருத்துவரும் எங்கள் சபையார்தான். ஞாயிறுதோறும் எனக்கு முன்வரிசையில் உட்காருவார்.

இதழ் அச்சுக்குப் போகவேண்டிய நாள், அவளுக்கு அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள். அன்று காலை இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க, வாக்கரோடு இரண்டடி வைத்தாள். பாதம் தரையில் உரசியதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்து எழுதினேன்: 'மூன்றாம் நாளிலேயே நடந்தாள். அவள் வாயிலிருந்து ஒரு முறையீடும் எழவில்லை.' எழுதிக்கொண்டிருந்தபோதே அவள் பாதத்தைப் பற்றி மறுபடி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். "கொஞ்சம் இரு, இந்த வரி முடியட்டும்," என்றேன்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். நான் வரியை முடித்தேன்.

வழக்கறிஞர் அந்தப் பக்கத்தை என் முன்னால் தள்ளினார். "சார், இது நீங்க எழுதினதா?"

"ஆமாம்மா."

"அவங்க நிஜமாவே சொன்னாங்களா, இல்லையா?"

"மூணு நாளும் சொன்னா."

"அப்ப எதிர் பார்ட்டி கேப்பாங்க. சர்ச்சுல எழுதினது பொய்யா, இங்க சொல்றது பொய்யான்னு. நான் என்ன சார் பதில் சொல்றது?"

சபை வழக்கத்தை விளக்கப் பார்த்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். எல்லாவற்றையும் விளக்கி ஒரு புதிய பிரமாணப் பத்திரத்துக்கு வரைவு எழுதிக் கொண்டுவரச் சொன்னார்.

வீட்டில் உட்கார்ந்து அழகாகவே எழுதினேன். என் மனைவி தாங்கமுடியாத வலி என்று முறையிட்டார் என்று ஒரு வரி. அவளிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தாள்.

"நான் எங்க வலின்னு சொன்னேன்? மரத்துப்போச்சுன்னுதானே சொன்னேன். வலிச்சிருந்தா கத்தியிருப்பேன். இப்பவும் நீங்களா ஒண்ணு எழுதறீங்க." தாளை என்னிடம் நீட்டினாள். "நான் சொன்னத எழுதுங்க. நான் சொன்னதை நீங்க யார்கிட்டயும் போய்ச் சொல்லலைன்னும் எழுதுங்க."

அப்படியே எழுதிக் கொண்டுபோனேன். இதழில் நான் எழுதியது உண்மையல்ல என்பதையும் சேர்த்தேன். படித்ததும் வழக்கறிஞர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "யார்கிட்டயும் சொல்லலைங்கறது நமக்கே ஆப்பு சார். அந்த வரிய எடுத்துடலாமா?"

"அது அவ சொல்லி எழுதின வரிம்மா," என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டபடி தட்டச்சுக்குக் கொடுத்தார். ஒரு மணி நேரம் கழித்து வந்த தாளில் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.