ரசத்தில் விஷம் கலக்காத சங்கரலிங்கம்

சங்கரலிங்கம் போய்விட்டார் என்று இராஜபாளையத்திலிருந்து போன் வந்ததும் எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. திட்டாதீர்கள். உங்களுக்கெல்லாம் அவர் கல்யாணச் சமையல்காரர். எனக்கோ என் கதையைக் கெடுத்த மனிதர்.

தொண்ணூறுகளின் தொடக்கம். வெள்ளைக்காரன் காலத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பண்ணையார் ஒருவர் சாப்பிட்ட கையோடு செத்துப்போன வழக்கை டிவி படமாக எடுத்தோம். யார் விஷம் வைத்தது என்று கோர்ட்டுக்கே கடைசிவரை தெரியவில்லை. வசனம் எழுதிய எனக்கு மட்டும் தெரிந்துவிட்டது! முடிவில்லாத கதையை எவன் பார்ப்பான் என்று, அன்று விடுதலையான சமையல்காரர் தலையில் பழியைப் போட்டேன். கரண்டி பிடிக்கத் தெரிந்த ஆள் வேண்டுமென்று சங்கரலிங்கத்தையே அந்த வேஷத்துக்குப் பிடித்தோம். எங்கள் குழுவுக்கும் அவர்தான் சமையல்.

படப்பிடிப்புக்கு முந்தின நாள், வழக்கில் விடுதலையான அந்தப் பழைய சமையல்காரரின் மகள் சுந்தரபாண்டியத்திலிருந்து பஸ் ஏறி வந்தார். அறுபது வயதிருக்கும். பேத்திக்குச் சம்பந்தம் பேசி முடித்திருந்தார்கள். கொலைகாரன் குடும்பம் என்று டிவியில் வந்தால் கல்யாணம் நின்றுபோகும் என்று அழுதார். வெறும் கதைதானம்மா என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சங்கரலிங்கம் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் விஷம் கலக்கும் காட்சி. பொட்டலத்தை ரசத்தில் கொட்டினார், கலக்கினார், உள்ளங்கையில் ரெண்டு சொட்டு விட்டு ருசி பார்த்தார். கட். மறுபடியும் அதே. விஷம் வைக்கிறவன் ருசி பார்ப்பானாய்யா என்று டைரக்டர் தொண்டை வறளக் கத்தினார். முப்பது வருஷப் பழக்கம், கை தானாகப் போகிறது என்றார் இவர். பன்னிரண்டாவது தடவை, குறைகிறதென்று உப்பும் போட்டார். வெளிச்சம் போய்விட்டது. கேமராவை மறுநாள் மதுரைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அந்தக் காட்சியே இல்லாமல், கொன்றது யாரென்று இன்றுவரை தெரியவில்லை என்ற ஒரு வரியோடு படத்தை முடித்தோம்.

எனக்கு ஆத்திரமான ஆத்திரம். வேண்டுமென்றேதானே செய்தீர் என்று பஸ் ஸ்டாண்டில் வைத்துச் சண்டை பிடித்தேன். அவர் அசரவில்லை.

"ஆமா சார். அந்தம்மா அப்பா கொன்னதை நீங்க பாத்தீகளா? நானும் பாக்கலை. பொறவு எப்படி நான் கொல்ல?"

பேத்தி கல்யாணம் நடந்தது. சமையல் அவர்தான். எனக்கும் பத்திரிகை வந்தது. அந்த அம்மாள், எங்கள் மானத்தைக் காப்பாற்றிய மகராசன் என்று என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சாதம் வடித்துக்கொண்டிருந்த சங்கரலிங்கம் நிமிர்ந்து பார்த்தார், வாயே திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

அந்த நன்றி உமக்குச் சேர வேண்டியது ஐயா. இத்தனை வருஷமாக நான்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.