பலகை அடித்த கதவும் பன்னிரண்டு அங்குல வூஃபரும்

புது பிளைவுட்டின் வாசனை, வச்சிரப் பசையின் நெடி, சால்டரிங் புகை... எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வலியசாலை அக்ரஹாரத்தில் எங்கள் வீட்டு ஹால் முழுவதும் இவைதாம் நிறைந்திருந்தன.

நாதத்தை இறைவனாகவே கொள்ளும் மரபில் வளர்ந்தவன் நான். என் கச்சேரி கேசட்டுகளில் மிருதங்கத்தின் வலந்தலை மட்டுமே கேட்கும். இடந்தலையின் அடிநாதம் இராது. அந்தக் குறை என்னை வாட்டியது. சப்வூஃபர் என்ற பெயரையெல்லாம் அன்று நாங்கள் அறியோம். சாலைக் கடைத்தெருவில் ரேடியோ பழுது பார்த்த தங்கப்பன், அடிநாதத்துக்கென்றே ஓர் ஒலிபெருக்கிப் பெட்டி செய்து தருவதாகச் சொல்லி, அதற்குள் வைக்கும் வூஃபர் எட்டு அங்குலமா பன்னிரண்டா என்று கேட்டார். பெரியதே சிறந்தது என்றெண்ணிப் பன்னிரண்டு என்றேன்.

பெட்டியை மூலையில் வைத்துக் கேட்டோம்.

ஒரே இரைச்சல். 'கும்' என்று எழுந்த ஒலி அடுத்த அடி விழும்வரை அடங்கவில்லை. சாகித்தியம் முழுவதும் அதில் மூழ்கிவிட்டது. ஜமக்காளங்களைத் தொங்கவிட்டோம், மெத்தைகளைச் சுவரில் சாய்த்தோம்... பயனில்லை.

"சாமி, பெட்டிக்கு ஒரு கொழப்பமும் இல்ல கேட்டேளா. எல்லாம் இந்த ஹாலுக்க கோளாறு" என்றார், நாகர்கோவில்காரரான தங்கப்பன். "பெட்டிய உங்க நாற்காலியில ஏத்தி வைப்போம். நீங்க தரையோட தவழ்ந்து சுத்தி வாங்கோ. எந்த எடத்துல தெளிவா கேக்கோ, அங்க பெட்டிய வச்சிரலாம்."

தவழ்ந்தேன். சமையலறை வாசலில் நின்று பார்த்த என் மனைவி சொன்னாள்: "நாப்பது வயசுல தவழ ஆரம்பிச்சிருக்கேள். எப்போ நடக்கறதா உத்தேசம்?"

வடக்குச் சுவரின் நடுவே வந்தபோது ஒவ்வோர் அடியும் தனித்தனியே தெளிவாகக் கேட்டது. அங்கே ஒரு கதவு இருந்தது. அப்பா காலமானபின் வீட்டை இரண்டாகப் பிரித்தபோது, அண்ணாவின் பகுதிக்குச் செல்லும் அந்தக் கதவைப் பலகை அடித்து மூடியிருந்தோம். அப்பா பூஜித்த சாளக்கிராமம் யாருக்கு என்று எழுந்த பேச்சில் அண்ணாவை நான் சொல்லத்தகாத சொல்லால் சொன்னேன். சாளக்கிராமம் மூத்தவரான அவரிடம் சென்றது. அன்றிலிருந்து ஏழு ஆண்டுகளாகப் பேச்சில்லை. அப்பாவின் திதியைக்கூட ஒரே நாளில், ஒரே கூரையின் கீழ், தனித்தனியாகவே செய்தோம்.

அண்ணனுக்காக அரசைத் துறந்த தம்பியின் கதையை ஆண்டுதோறும் பாராயணம் செய்து கண்ணீர் விடுபவன் நான்...

பெட்டியை அந்தப் பலகையோடு ஒட்டி வைத்தோம். இரைச்சல் மறைந்தது. இடந்தலை, கோவில் மணியின் கார்வை போல், எழ வேண்டிய இடத்தில் எழுந்து அடங்க வேண்டிய இடத்தில் அடங்கியது. ஈசன் கருணை என்றே எண்ணினேன். காலையில் ஆபீஸ் கிளம்பும்வரையிலும் மாலையில் விளக்கேற்றியது முதலும் கேட்டேன். இரண்டு மாதங்கள் அப்படிச் சென்றன.

அடங்கிய அந்த இரைச்சல் எங்கே போயிற்று என்று ஒருநாளும் நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு பிரதோஷத்தன்று கோவில் பிராகாரத்தில் மன்னி என்னை மறித்தாள். அண்ணாவின் மனைவி, என்னைச் சிறுவயதிலிருந்து அறிந்தவள்.

"உனக்கு இன்னுமா ஆத்திரம் தீரலை? அந்தக் கதவுக்குப் பின்னாடிதான் அவர் பூஜை பண்றார். பஞ்சபாத்திரத்து ஜலம் நடுங்கறது. விளக்கு ஆடறது. சாளக்கிராமம் கிடைக்கலேங்கற கோபத்துல நீ வேணும்னே பண்றேன்னு அவர் நினைச்சிண்டிருக்கார்."

மன்னி குரலைத் தாழ்த்திக்கொண்டு தொடர்ந்தாள்.

"இந்த வருஷம் அப்பா திதியைச் சேர்ந்தே பண்ணலாம்னு இருந்தார். பலகையைப் பிரிக்க ஆசாரிகிட்ட சொல்லியாச்சு. அந்த வாரந்தான் உன் பெட்டி முழங்க ஆரம்பிச்சது. ஆசாரியை வேண்டாம்னுட்டார்."

வீட்டுக்கு ஓடினேன். பெட்டியை இழுத்துப் போட்டேன். ஏழு ஆண்டுகளுக்குப் பின் அண்ணாவின் வாசற்படி ஏறினேன். பூஜையறையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்தார்.

"அண்ணா, சத்தியமா எனக்குத் தெரியாது. பெட்டி அங்கே இருந்தாத்தான் எங்க ஹால்ல இரைச்சல் அடங்கித்து..."

"உங்காத்துல அடங்கினது எங்காத்துக்கு வந்துடுத்து. அதானே சொல்றே?"

"ஆமாண்ணா. தங்கப்பன்தான் தவழ்ந்து பாக்கச் சொன்னான்..."

"தவழ்ந்து பாத்தியா?" அண்ணா சிரித்தார். நான் சிறுவயதில் பொய் சொல்லி அகப்படும்போதெல்லாம் அவர் சிரிக்கும் சிரிப்பு அது. "நாலு சுவர் இருக்க, என் பூஜைக்கு நேரேதான் உனக்கு எடம் கெடைச்சுது. சரிடா. நீ சொன்னா சரி. போயிட்டு வா."

ஒரு வசவு வைதிருந்தாலும் காலில் விழுந்திருப்பேன். அவர் அந்த 'சரி'யைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். என் வாழ்நாளில் நான் சொன்ன உண்மைகளுள் அதைப் போல் பொய்யாய் ஒலித்தது வேறொன்றில்லை.

அவ்வாண்டும் திதி தனித்தனியாகவே நடந்தது. மறு ஆண்டு அண்ணா தம் பகுதியைச் சாலைக் கடைத்தெருவிலிருந்த ஒரு மளிகை வியாபாரிக்கு விற்றுவிட்டு, மகனோடு சென்னை சென்றார். சில ஆண்டுகளில் அங்கேயே காலமானார். செய்தி கிடைத்து நான் ரயிலேறிப் போய்ச் சேர்ந்தபோது காரியங்கள் தொடங்கியிருந்தன. சாளக்கிராமத்தை அவர் மகன் ஒரு மடத்தில் சேர்ப்பித்துவிட்டதாகச் சொன்னான்.

நண்பர்களே, சென்ற மாதம் என் மகன் ஒரு சப்வூஃபர் வாங்கி வந்தான். சிறிய மைக் ஒன்றை என் நாற்காலியில் வைத்தான். பெட்டி தானாகவே 'ஊ... ஊ...' என்று ஒலித்து, ஹாலின் குற்றம் இன்னதென்று அறிந்து, ஐந்து நிமிடத்தில் தன்னைத் திருத்திக்கொண்டது. யாரும் தவழ வேண்டியிருக்கவில்லை.

"அப்பா, இரைச்சல் ஏதாவது தெரியறதா?" என்றான்.

"இல்லைடா. ரொம்ப சுத்தமா இருக்கு."

"இன்னும் கூட்டட்டுமா?"

கூட்டலாம். எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டலாம். பலகைக்கு அப்பால் இன்று அரிசி மூட்டைகள் கூரை வரை அடுக்கிக் கிடக்கின்றன. நான் சொல்வதை நம்பாமல் சிரிப்பதற்குக்கூட அந்தப் பக்கம் இப்போது யாருமில்லை.