காப்பிப்பொடிப் பாட்டிலின் மூடி

காலையில் என் விரல்கள் என் பேச்சைக் கேட்பதில்லை. முடக்குவாதம் என்று வாய் திறந்தால் போதும், எதிரே இருப்பவர் ஒரு தைலம் சொல்லாமல் போகமாட்டார். அதனால் சொல்வதையே நிறுத்திவிட்டேன். எழுந்து ரொம்ப நேரத்துக்கு இரண்டு கையும் மடங்காது. வெயில் ஏற ஏறக் கொஞ்சம் இளகும். சாயங்காலம் என்னைப் பார்க்கிறவர்கள், "நல்லாத்தானே இருக்க?" என்பார்கள். ஓங்கி ஒன்று வைக்கலாம் என்று தோன்றும். அதற்கும் கை வேண்டுமே.

திருவனந்தபுரத்தில், ஆரியசாலையில் என் கணவருக்கு மிளகாய் மொத்தக்கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. எனக்கு நோய் வந்த நாளிலிருந்து காலைக் காப்பி அவர்தான் போட்டார். மாத்திரைகளை ஒழுங்காக விழுங்கியும் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தபோது, டாக்டர் என்னைத் தம்பானூர்ப் பக்கம் ஒரு கவுன்சலரிடம் அனுப்பினார். அங்கே வாரம் ஒருமுறை தீராத நோய்க்காரர்கள் கூடுவோம். சர்க்கரை, சிறுநீரகம், மூட்டு என்று எல்லாம் உண்டு. கூட வருகிறவர்களுக்கு இந்த ஊரில் பைஸ்டாண்டர் என்று பெயர். அவர்களுக்குப் பின்வரிசை.

கவுன்சலர் சின்னப் பெண், மலையாளி. என் மகள் வயதுக்காரி எனக்கு என்ன தைரியம் சொல்லப் போகிறாள் என்று முதலில் எரிச்சலாக இருந்தது. "சேச்சி, ஒரு செறிய காரியம் மதி," என்றாள் அவள். "ஆரும் சகாயிக்கண்டா." யார் உதவியும் இல்லாமல் தினம் ஒரே ஒரு சின்ன வேலை செய்தால் போதும் என்கிறாள். மற்றவர்கள் துணி மடிக்கிறேன், செடிக்குத் தண்ணீர் விடுகிறேன் என்றார்கள். நான், காலையில் காப்பிப்பொடிப் பாட்டிலைத் திறந்து எங்கள் இரண்டு பேருக்கும் காப்பி போடுவேன் என்றேன்.

அந்தப் பாட்டில்தான் என் எதிரி. திருகு மூடி போட்ட கண்ணாடிப் பாட்டில். இந்த ஊர் ஈரத்துக்கு மூடி சற்று நெகிழ்ந்திருந்தாலும் பொடி கட்டிபிடித்துவிடும். அதனால் ராத்திரி அடுக்களையை ஒதுக்கும்போது அவர் அதை இறுக்கி மூடிவைப்பார். லேசாகத் திறக்கிற டப்பாவுக்கு மாற்றலாமே என்று கவுன்சலரே கேட்டாள். மாட்டேன் என்றேன். டப்பாவைத் திறந்து யாரை ஜெயிப்பது?

முதல் சில நாட்கள் பாட்டில்தான் ஜெயித்தது. துணி சுற்றித் திருகினால் மணிக்கட்டில் உயிர் போனது. அவர் உள்ளே வரக்கூடாது என்பது கவுன்சலர் போட்ட உத்தரவு. முன்னறையில் பேப்பரை விரித்துக்கொண்டு, "ஆச்சா?" என்று மட்டும் கேட்பார். நான் போய்ப் பாட்டிலை அவர் மடியில் வைப்பேன். மூட்டை தூக்கிப் பழகிய கை, ஒரே திருகு. அந்த ஒரு திருகைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அழுகை வந்தது.

பிறகு ஒரு நாள் மூடி திறந்தது. நான் போட்ட கூச்சலில் அவர் ஓடிவந்தார். "நான் நல்லா இறுக்கித்தான் அடைச்சேன், கேட்டியா," என்றார். சற்றுப் பொறுத்து அதையே மறுபடியும் சொன்னார். மறுநாளும் திறந்தது, அதற்கடுத்த நாளும் திறந்தது. கூட்டத்தில் சொன்னபோது எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வெளியூரில் இருக்கும் மகளுக்கு போன் போட்டு, என் கையால் காப்பி குடிக்க எப்போது வருகிறாய் என்று கேட்டேன்.

அப்போது அவருடைய தங்கை வீட்டில் கல்யாணம் வந்தது, திருநெல்வேலியில். என்னால் அவ்வளவு தூரம் உட்கார்ந்து போக முடியாது. அவர் மட்டும் ராத்திரி வண்டிக்குக் கிளம்பினார். கிளம்பும் முன் வழக்கம்போல அடுக்களையை ஒதுக்கி, என் கண்ணெதிரே பாட்டிலை இறுக்கி மூடிவிட்டுப் போனார்.

காலையில் மூடி அசையவில்லை. துணி சுற்றினேன், வெந்நீர் ஊற்றினேன், தரையில் உட்கார்ந்து முழங்காலுக்கு நடுவே வைத்தும் பார்த்தேன். நோய் மறுபடி ஏறிவிட்டது, இனி இறங்காது என்று நினைத்தேன். அவர் போன் செய்து, "காப்பி ஆச்சா?" என்றார். ஆச்சு என்றேன். நெசமாவா என்று இரண்டு தடவை கேட்டார். அடுத்த நாள் நான் பாட்டில் பக்கமே போகவில்லை.

அவர் திரும்பி வந்த மறுநாள் காலை, கை வழக்கத்தைவிட மோசமாக வீங்கியிருந்தது. சும்மா மூடிமேல் விரலை வைத்தேன். சுழன்றுவிட்டது.

அதற்கடுத்த நாள் சீக்கிரமே விழித்து, கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். அவர் எழுந்து அடுக்களைக்குப் போனார். கிர்ரென்று ஒரு சின்னச் சத்தம். திரும்பி வந்து மூச்சுவிடாமல் பக்கத்தில் படுத்துக்கொண்டார்.

எனக்கு வந்த கோபத்தில் பாட்டிலைச் சுவரில் அடித்திருப்பேன். என்னை என்ன, சின்னப் பிள்ளை என்று நினைத்தாரா? அந்த வாரக் கூட்டத்திலேயே, எல்லோர் முன்னாலும் விஷயத்தைப் போட்டு உடைத்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டு போனேன். "எந்தா சேச்சி, பாட்டில் துறக்குந்நுண்டோ?" என்று கவுன்சலர் கேட்டாள். திரும்பிப் பார்த்தேன். பின்வரிசையில் அவர் கல்யாணத்துக்கு எடுத்த புதுச்சட்டையைப் போட்டுக்கொண்டு, நாற்காலி நுனிக்கு வந்து உட்கார்ந்திருந்தார்.

"திறக்குது மோளே," என்றேன்.

எல்லோரும் கைதட்டி ஓய்ந்த பிறகும் அவர் தட்டிக்கொண்டிருந்தார். படியிறங்கும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இத்தனை வருசமா ஒனக்கு ஒண்ணும் செய்ய முடியலியேன்னு நெஞ்சு அடைச்சுக் கெடந்துது. இப்போ ஒன்னப் பாத்தா ஒரு சமாதானம் உண்டு." என் நோயைத்தான் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்றிருந்தேன். அவருடைய இந்தச் சந்தோஷத்தையும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

போன வாரம் ஒரு நாள் அவர் அசந்து தூங்கிவிட்டார். முந்தின நாள் கடையில் லோடு இறங்கியிருந்தது. எனக்கோ விழிப்பு வந்துவிட்டது. எழுந்து போனால் மூடி திறக்காது. திறக்காத பாட்டிலை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் எப்படிப் போய் நிற்பது? எழுப்பலாம் என்றால் எதற்கென்று சொல்லி எழுப்புவது? பால்காரர் வந்து போனார். ஜன்னலில் வெயில் ஏறியது. விரல்கள் தெறித்தன, காப்பிக்கு நாக்கு ஏங்கியது. அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில், தூக்கத்தில் இருமுவதுபோலப் பலமாக இருமினேன். அவர் பதறி எழுந்து, குனிந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, அடுக்களைக்கு ஓடினார். சத்தம் கேட்கும்வரை நான் கண்ணைத் திறக்கவில்லை.