எழுபத்தொன்றுக்கு எழுபத்தொன்று

கோச்சடைக்கு மேற்கே, வைகைக் கரைக் களத்தில் சதுரத் தட்டோடுகள் பரப்பிக் கிடந்த ஒரு காலை வெயில்தான், என் மச்சானை நினைத்தால் முதலில் கண்ணில் வருகிறது. மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். சூளைக்குத் தீ வைப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கணக்கில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். இன்றைக்கு நாலு சூளைக்கு முதலாளி.

அன்று இருந்தது ஒரே சூளை. முதல் பெரிய வேலை, ஒரு பங்களாவின் மொட்டை மாடிக்கு ஐயாயிரத்து நாற்பது தட்டோடு. இது கைவிட்டுப் போனால் சூளையை மூட வேண்டியதுதான். பங்களா வேலையைப் பார்த்த ஓவர்சியர் ஐயாயிரம் போதும் என்றார்; உடைசலுக்கு ஆகும் என்று நாற்பதைச் சேர்க்கச் சொன்னது நான். உள் காரணம் வேறு. ஐயாயிரத்து நாற்பதை இரண்டு முதல் பத்து வரை எதனால் வகுத்தாலும் மிச்சம் நிற்காது, பன்னிரண்டுக்கும் அடங்கும். எந்தக் களத்திலும் நிறைவாகப் பரப்பிவிடலாம். அந்த ஓவர்சியர் ஒவ்வொன்றாக எண்ணமாட்டார். ஒரு பக்கம் எண்ணுவார், மறுபக்கம் எண்ணுவார், பெருக்குவார். நாலு மூலையும் நிறைந்திருக்க வேண்டும். ஒன்றே ஒன்று துருத்தி நின்றாலும் சரக்கு வேண்டாமென்று போய்விடுவார். விளாங்குடிச் சூளைக்காரர் ஒருவருக்கு அப்படித்தான் வேலை போனது.

எழுபது வரிசை, வரிசைக்கு எழுபத்திரண்டு என்று பரப்பி நிமிர்ந்தேன். மச்சான் மஞ்சள் தடவிய ஓடு ஒன்றோடு வந்தார்.

"சூளைச்சாமி ஓடு மாப்ள. இதையும் சேத்துருங்க."

"சேத்தா எதுக்கும் அடங்காது மச்சான். ஒண்ணு மிச்சமா நிக்கும்."

"சாமி ஒங்களுக்கு மிச்சமா? மூணாங்கிளாசுல அம்புட்டுப் படிச்சுட்டீகளோ?"

எண்ணிக்கைக்கு மேல் ஒன்று சுட்டுச் சரக்கோடு அனுப்புவது அவர்கள் குடும்ப வழக்கம். அது களத்தில் தங்கினால் அடுத்த சூளை வெடிக்கும் என்று நம்பினார். விரலை மடக்கி மடக்கிப் பார்த்தேன். பத்து வரை எதில் போட்டாலும் ஒன்று நின்றது. பதினொன்றில் மூன்று நின்றது. பாதையில் ஓவர்சியரின் சைக்கிள் மணி கேட்டது.

மச்சான் குனிந்து, வரிசைக்கு ஒன்றாகக் கடைசி ஓடுகளை எடுக்கத் தொடங்கினார்.

"ஐயோ, கலைக்காதீங்க மச்சான்!"

காதில் வாங்கவே இல்லை. எடுத்த எழுபதையும் கீழ்ப்பக்கம் புது வரிசையாக வைத்துக்கொண்டே போனார். மூலையில் ஓர் இடம் மட்டும் காலியாக நின்றது. சாமி ஓடு அதில் கச்சிதமாக உட்கார்ந்தது.

ஓவர்சியர் அந்தப் பக்கம் எண்ணினார், எழுபத்தொன்று. இந்தப் பக்கமும் எழுபத்தொன்று. மனசுக்குள் பெருக்கிவிட்டு, "ஒண்ணு கூட வருதேய்யா?" என்றார்.

"அது சாமியோடதுங்க. ஒங்க மாடியில இருந்துட்டுப் போகட்டும்" என்றார் மச்சான்.

ஓவர்சியர் மஞ்சளைப் பார்த்தார், செருப்பைக் கழற்றினார், வண்டியில் ஏற்றச் சொன்னார்.

பின்னால் எத்தனையோ நாள் போட்டுப் பார்த்தேன். ஐயாயிரத்து நாற்பத்தொன்றை, ஒன்றையும் அதையும் விட்டால், எழுபத்தொன்று மட்டுமே மிச்சமில்லாமல் வகுக்கிறது. அதுவும் தன்னோடு தானே பெருகி வருகிறது. மச்சானோ கோரிப்பாளையம் வரை, "எங்க மாப்ள போட்ட கணக்கு" என்று சொல்லித் திரிந்தார். நானும் தலையை ஆட்டிக்கொண்டேன். இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் எழுதுகிறேன், அந்தக் கணக்கு அவருடையது. ஐயாயிரத்து நாற்பது மட்டும் என்னுடையது.